மூட்டு வலிக்காரருக்கு இருமல் வந்தால்

யாழ்ப்பாணத்து மயிலிட்டி என்றதும் பழைய ஆட்களுக்கு மீன்பிடித் துறைமுகத்தோடு அங்கிருந்த காசநோய் ஆஸ்பத்திரியும் ஞாபகம் வரும். 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகப் பக்கம் திரும்பக் கிடைத்தது 2017இல்தான். அந்த ஆஸ்பத்திரிக் காலத்தில் இருமல் நீடித்தால் "கசம்" என்றுதான் சொல்வார்கள். நம் லயங்களிலும் அதே பேச்சுத்தான். கசத்தைப் பரிசோதிக்கத்தான் வேணும். ஆனால் முடக்குவாதம் உள்ளவரின் இருமலுக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

முடக்குவாதம் என்பது வெறும் குளிர் வலியோ வயசு வலியோ அல்ல. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, வழி தவறி நம் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. காலையில் எழும்பினால் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் மடங்காது. கொழுந்து எடுக்கும் கைக்கு இதைவிடக் கொடுமை ஏது? இதே தாக்குதல் நுரையீரலுக்கும் போகும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். சிலருக்கு உள்ளே தழும்பு விழுந்து, விரிய வேண்டிய நுரையீரல் விரியாது. வறட்டு இருமலும் மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும் இதன் அடையாளம். முடக்குவாதம் பெண்களுக்கே அதிகம். அந்த நோய் உள்ளவர்களில் நுரையீரல் தழும்பு ஆண்களுக்கும் புகைபிடிப்பவருக்கும் கூடுதலாக வருகிறது. பீடியை விட இன்னும் என்ன காரணம் வேணும்?

இது புதுக் கதையுமல்ல. முடக்குவாதமுள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் எக்ஸ்ரேயில் உருண்டைக் கட்டிகள் தெரிவதை வேல்ஸ் நாட்டில் காப்லான் என்ற டாக்டர் 1953இலேயே எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். மூட்டு நோகிறவர் மெதுவாகத்தான் நடப்பார், மலைக்கும் போகமாட்டார். அதனால் மூச்சுக் குறைவது வெளியே தெரியாது. தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

இனி மருந்து. மெதோட்ரெக்சேட் குளிசை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பிள்ளைகள் கலண்டரில் அடையாளம் போட்டுக் கொடுங்கள். அபூர்வமாக அந்தக் குளிசையே நுரையீரலைப் புண்ணாக்கும். காய்ச்சலோடு வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் புதிதாக வந்தால், கிளினிக் திகதி வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த குளிசையைப் போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு குளிசையைத் தாமாக நிறுத்தவே கூடாது. வாத மருந்துகளில் சில எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், அடங்கிக் கிடந்த கசமும் தலைதூக்கலாம். ஆகவே சளிப் பரிசோதனைக்குச் சொன்னால் வெட்கப்படாதீர்கள்.

நெஞ்சு கிளினிக்கில் மூட்டு வலியையும், வாதக் கிளினிக்கில் இருமலையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். போடுகிற குளிசைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.