கணக்கிற்குப் பதவுரை: ஒளிமின் விளைவு காட்டும் குவாண்டம் நெறி

செய்யுளுக்கு உரை காண்பது தமிழாசிரியர் பணி. இயற்பியல் கணக்கிற்கு உரை காணத் தமிழாசிரியன் ஒருவன் முனைவது பொருந்துமோ என்று இம்மலரைப் படிப்போர் வினவக்கூடும். பொருந்தும் என்பதற்கு என் வாழ்விலிருந்தே ஒரு காரணம் காட்டுவேன்.

பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற நான், பட்டப்படிப்பிற்கு இயற்பியலையே விரும்பிச் சேர்ந்தேன். கணக்கு எனக்கு அச்சம் தந்ததில்லை. கணக்கு எழுதப்பட்டிருந்த ஆங்கில வாக்கியமே அச்சம் தந்தது. மூன்று திங்களில் அவ்வகுப்பை விட்டு விலகித் தமிழ் வகுப்பில் அமர்ந்தேன். "விரும்பி மாறினாயா, பயந்து மாறினாயா?" என்று என் அத்தா கேட்டார்கள். அன்று நான் விடை கூறவில்லை. தமிழ் என்னை வாழ்வித்தது; அதில் எனக்குக் குறையேதும் இல்லை. எனினும் அந்த வினா நெஞ்சில் தங்கியே இருந்தது. சென்ற ஆண்டு, பகுதி ஒன்று தமிழ் வகுப்பு முடிந்தபின் இயற்பியல் மாணவி ஒருவர் ஒரு கணக்கைக் காட்டி, தாமும் துறை மாற விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். அவரோடு அமர்ந்து அக்கணக்கைப் பயின்றதன் பயனே இக்கட்டுரை. ஐயம் எழுந்த இடங்களில் இயற்பியல் துறை நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தேன்.

கணக்கு

அவர் காட்டிய கணக்கைத் தமிழில் தருகிறேன்: சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட். அதன்மீது 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி விழுகிறது. வெளிப்படும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் யாது? நிறுத்து மின்னழுத்தம் யாது? 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி விழுந்தால் யாது நிகழும்?

பதம் பிரித்தல்

செய்யுளைக் கண்டதும் பொழிப்புரை சொல்ல முற்படுவோர் இடறுவர். முதலில் பதம் பிரிக்க வேண்டும்; பின்னர்ப் பொருள் கொள்ள வேண்டும்; அதன்பின்னரே கருத்துரைக்க வேண்டும். கணக்கிற்கும் இதுவே முறை. தரப்பட்டவை எவை? கேட்கப்படுபவை எவை? இவ்விரண்டையும் இணைக்கும் விதி எது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுதியபின் எஞ்சுவது பெருக்கலும் வகுத்தலுமே.

சொற்பொருள் காண்போம். உலோகத்தினுள் இருக்கும் எலக்ட்ரான் அதனோடு பிணைப்புண்டு கிடக்கிறது. அப்பிணைப்பை விட்டு வெளியேறக் குறைந்த அளவாக வேண்டும் ஆற்றலே வெளியேற்று ஆற்றல். ஆங்கிலச் சொல் வேலை என்றும் செயற்பாடு என்றும் இரு சொற்களைச் சேர்த்து நிறுத்தி மாணவரைத் திகைக்கச் செய்கிறது. தமிழ்ச் சொல்லோ தன் பொருளைத் தானே உரைக்கிறது. வெளியேறிய எலக்ட்ரான்களுள் மிக விரைந்து செல்வதையும் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் எதிர் மின்னழுத்தமே நிறுத்து மின்னழுத்தம். எலக்ட்ரான் வோல்ட் என்பது, எலக்ட்ரான் ஒன்று ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கையில் பெறும் ஆற்றல். அதன் அளவு 1.6 × 10⁻¹⁹ ஜூல்.

கருத்து: இளவட்டக்கல்

இனி விதியைக் காண்போம். ஒளி உலோகத்தின்மீது விழும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுதலே ஒளிமின் விளைவு. 1887இல் ஹெர்ட்ஸ் செய்த ஆய்வில் இதன் முதல் தடயம் தோன்றியது. 1902இல் லெனார்டு ஒரு வியப்பைக் கண்டறிந்தார். ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளிப்படும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் ஒவ்வோர் எலக்ட்ரானின் பெரும ஆற்றல் கூடவில்லை. ஒளி அலையாக மட்டும் இருப்பின் இது நிகழலாகாது. செறிவு மிகுந்த அலை எலக்ட்ரானை மிகுந்த ஆற்றலோடு தள்ளியிருக்க வேண்டும் அன்றோ?

நம் சிற்றூர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லை நினைவு கொள்க. ஒருநேரத்தில் ஒருவரே அதைத் தூக்கலாம் என்பது வழக்கம். வலிமை குன்றிய நூறுபேர் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராக முயன்றாலும் கல் அசையாது. வலிமையுள்ள ஒருவர் வந்தால் உடனே எழும். எஞ்சிய வலிமையால் அவர் அதைத் தோளுக்கு அப்பாலும் எறிவார். வரிசையில் நிற்போர் எண்ணிக்கையே ஒளியின் செறிவு. ஒவ்வொருவரின் வலிமையே ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்த ஆற்றல். கல்லைத் தூக்க வேண்டும் வலிமையே வெளியேற்று ஆற்றல். எறியும் வலிமையே இயக்க ஆற்றல்.

வெப்பக் கதிர்வீச்சை விளக்குவதற்காக, ஆற்றல் சிறுசிறு அளவுகளாகவே கொடுக்கல் வாங்கல் ஆகிறது என்று 1900இல் மாக்ஸ் பிளாங்க் கொண்டார். அவ்வளவே குவாண்டம். எவ்வளவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. தமிழில் துளிமம் என்றும் சொட்டு என்றும் எழுதுவோர் உளர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஐன்ஸ்டைன், 1905இல் ஒளியே அத்தகைய துளிகளாக வருகிறது என்றார். அத்துளிகள் பின்னர் ஃபோட்டான் எனப் பெயர் பெற்றன. ஒரு ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் ஓர் எலக்ட்ரானுக்கே தருகிறது. எனவே விதி இது:

ஃபோட்டானின் ஆற்றல் = வெளியேற்று ஆற்றல் + பெரும இயக்க ஆற்றல்

அமெரிக்க அறிஞர் மில்லிகன் இக்கருத்தில் நம்பிக்கையற்றவராகவே பல்லாண்டு ஆய்ந்தார். எனினும் 1916இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே மெய்ப்பித்தன. ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டபோது இவ்விதியே சிறப்பித்துக் கூறப்பட்டது.

விடை

ஃபோட்டானின் ஆற்றல், பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்கக் கிடைக்கும். 6.63 × 10⁻³⁴ என்பதை 3 × 10⁸ ஆல் பெருக்கி 400 × 10⁻⁹ ஆல் வகுத்தால் 4.97 × 10⁻¹⁹ ஜூல். அதனை 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் 3.1 எலக்ட்ரான் வோல்ட். இதிலிருந்து 2.3ஐக் கழிக்க 0.8 எலக்ட்ரான் வோல்ட் எஞ்சும். இதுவே பெரும இயக்க ஆற்றல். ஆகவே நிறுத்து மின்னழுத்தம் 0.8 வோல்ட்.

செவ்வொளிக்கு வருவோம். 650 நானோமீட்டருக்கு இதே முறையில் கணக்கிட, ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 1.9 எலக்ட்ரான் வோல்ட். இது 2.3ஐ விடக் குறைவு. எனவே எலக்ட்ரான் வெளிப்படாது. விளக்கு ஒன்றிற்குப் பத்து ஏற்றினாலும் நிலை இதுவே. வரிசை நீளுமேயன்றிக் கல் எழாது. "பூச்சியம் என்று எழுதலாமா?" என்று மாணவி தயங்கினார். எழுதுவதோடு ஏன் என்பதற்கு ஒரு வரி காரணமும் எழுதுக என்றேன். அந்த ஒரு வரியில்தான் குவாண்டம் கொள்கை இருக்கிறது.

ஒளி துளிகளாயின் நம் கண்ணுக்கு ஏன் அவ்வாறு தோன்றுவதில்லை என்றும் அவர் கேட்டார். அதற்கும் கணக்கே விடை தரும். ஒரு மில்லிவாட் ஊதா ஒளி என்பது ஒரு நொடியில் 10⁻³ ஜூல். அதை 4.97 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 × 10¹⁵ ஃபோட்டான்கள். நொடிக்கு இரண்டாயிரம் இலட்சம் கோடி துளிகள் வீழுமிடத்துத் தனித்துளியைக் கண் எங்ஙனம் பிரித்தறியும்?

ஒன்று கூறல் வேண்டும். உவமைக்கு எல்லை உண்டு. ஃபோட்டான் கல் போன்றதோ ஆள் போன்றதோ அன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் காட்டிய குறுக்கீட்டு விளைவு ஒளியின் அலைப்பண்பிற்குச் சான்று. அச்சான்று இன்றும் பொய்க்கவில்லை. அலைப்பண்பும் துகட்பண்பும் ஒருங்கே உடையது ஒளி என்பதே குவாண்டம் இயற்பியலின் நுழைவாயில். உவமை அவ்வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே செல்லக் கணிதம் வேண்டும்.

முடிவுரை

தேர்வு ஆங்கிலத்தில் நிகழ்கிறது. ஆங்கிலச் சொற்களையும் கற்றேயாக வேண்டும். அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆயினும் பொருளைத் தாய்மொழியில் உணர்ந்தவனுக்கு அயல்மொழிச் சொல் ஒரு பெயரே. உணராதவனுக்கு அது ஒரு மதில். மாணவர்கள் ஒவ்வொரு பாடத்திற்கும் இருமொழிச் சொல்லேடு ஒன்று வைத்துக்கொள்க. ஆசிரியப் பெருமக்கள் முதற்பருவத்திலேனும் கணக்கைத் தமிழில் ஒருமுறை படித்துக் காட்டியருள்க. ஆங்கிலத்தில் இடறும் பிள்ளையை நோக்கி உனக்கு அறிவியல் வராது என்று சொல்லாதிருத்தல் பெரியோர் செய்யும் பேருதவி.

அம்மாணவி விண்ணப்பம் எழுதவில்லை. இவ்வாண்டு இயற்பியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பயில்கிறார். என் அத்தா கேட்ட வினாவிற்கு விடையும் எனக்கு அன்றுதான் கிடைத்தது: பயந்துதான் மாறினேன். ஆனால் அந்தப் பயத்திற்குரிய மருந்து, நான் ஓடிவந்து புகுந்த தமிழ் வகுப்பிலேயே இருந்தது.