தோழியோடு ஒரு போட்டோஷூட் நாள்

கேள்வி: என் உயிர்த்தோழி அடுத்த மாதம் கல்யாணமாகி வெளியூர் போகிறாள். அதற்குமுன் இருவரும் மேக்கப் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: நல்ல ஆசை, தள்ளிப்போடாதீர்கள். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த சிற்பப் பாறை. காலை வெயிலில்தான் சிற்பங்கள் துலங்கும். எனவே விடியுமுன்பே மேக்கப்பைத் தொடங்கிவிடுங்கள். புதிய கிரீம் என்றால் இரண்டு நாள் முன்பே காதோரம் தடவிப் பாருங்கள், அரித்தால் வேண்டாம். துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் ஃபிளாஷில் முகத்தை வெளிறிக் காட்டும். இயற்கை ஒளியே போதும். கடற்காற்றுக்கு விரித்த கூந்தல் தாங்காது, பின்னிக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை இடம் என்பதால் டிரைபாடுக்கு முன்அனுமதி தேவை. போஸ் கொடுத்த படங்களோடு நிறுத்தாமல், இருவரும் பேசிச் சிரிப்பதையும் எடுக்கச் சொல்லுங்கள். புது ஊரில் அவளுக்குத் துணையாக இருப்பவை அந்தப் படங்கள்தான்.