கயிறும் பாம்பும்

மங்கிய ஒளியில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவதை வேதாந்த நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகின்றன. ஒன்றன் தன்மையை மற்றொன்றின்மீது ஏற்றிக் காணும் இம்மயக்கத்திற்கு 'அத்யாசம்' என்று பெயர். பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முன்னுரையில் ஸ்ரீசங்கரர் இதற்கு இலக்கணம் கூறும்போது, முன்பு கண்ட ஒன்று நினைவின் வடிவில் வேறோர் இடத்தில் தோன்றுவதே அத்யாசம் என்கிறார். 'முன்பு கண்ட' என்பது இங்கு கவனிக்கத் தக்கது. பாம்பையே அறியாத குழந்தைக்குக் கயிறு பாம்பாகத் தோன்றுவதில்லை. என்றோ எங்கோ மெய்யான பாம்பைக் கண்டு நடுங்கியவனே கயிற்றிலும் அதைக் காண்கிறான். ஆகவே 'பாம்பு என்பதே பொய்' என்று அவனிடம் வாதிட்டுப் பயனில்லை. அவன் முன்பு கண்ட பாம்பு மெய். 'இது அதுவன்று' என்பதை அவன் தானே காணுமாறு விளக்கைக் கொண்டுவர வேண்டும்.

அமெரிக்கர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிலவும் ஐயத்தையும் வெறுப்பையும் புரிந்துகொள்ள இந்த உவமை துணைசெய்கிறது. ஒருவரையொருவர் அறியாததால் வெறுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மையே. இரு தரப்பாரிடமும் மெய்யான பாம்பின் நினைவு ஒன்று இருக்கிறது என்பது மறுபாதி.

இரு நினைவுகள்

1979 நவம்பர் 4 அன்று ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினர். அமெரிக்கர் 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தனர். கண்கள் கட்டப்பட்ட தம் நாட்டவரின் உருவத்தை அமெரிக்கக் குடும்பங்கள் தொலைக்காட்சியில் இரவுதோறும் கண்டன. சாதாரண அமெரிக்கர் பலருக்கு ஈரானைப் பற்றிய கதை அன்றுதான் தொடங்குகிறது.

ஈரானியருக்கோ அது 1953-இல் தொடங்குகிறது. எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகள் சதி செய்து பதவியிலிருந்து வீழ்த்தின. அதன்பின் ஷா மன்னரின் கடுமையான ஆட்சி கால் நூற்றாண்டு நீடித்தது. இச்சதியில் தம் நாட்டிற்குப் பங்குண்டு என்பதை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் 2000-ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். அதற்குள் 47 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரே வழக்கில் வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் தீர்ப்பு எங்ஙனம் அமையும்?

2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் விமானங்களைக் கடத்தி ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றனர். 2003-இல் ஈராக்கின்மீது அமெரிக்கா போர் தொடுத்தது. எந்தப் பேரழிவு ஆயுதங்களைக் காரணமாகக் காட்டியதோ அவை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அபு கிரைப் சிறையில் கைதிகள் இழிவுபடுத்தப்பட்ட படங்கள் உலகெங்கும் பரவின. இவை யாவும் மெய்யாக நிகழ்ந்தவை. 19 பேரின் செயலைக் கோடிக்கணக்கான முஸ்லிம்களின் இயல்பாகவும், ஓர் அரசாங்கத்தின் செயலை அந்நாட்டுக் குடிமக்கள் அனைவரின் இயல்பாகவும் ஏற்றிக் காணும்போதுதான் கயிறு பாம்பாகிறது. ஈராக் போர் தொடங்குமுன் அதை எதிர்த்து அமெரிக்க நகரங்களில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இருளின் அளவு

2001-க்குப் பின்னர் கேலப் நிறுவனம் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் 35-க்கும் மேற்பட்ட நாடுகளில் பல ஆண்டுகள் கருத்தாய்வு நடத்தியது. மேலைநாடுகளிடம் போற்றத்தக்கது எது என்று கேட்டபோது தொழில்நுட்பம், சுதந்திரம், சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றை முஸ்லிம்கள் குறிப்பிட்டனர். முஸ்லிம் சமுதாயங்களிடம் போற்றத்தக்கது எது என்று அமெரிக்கர்களிடம் கேட்டதற்கு அதிகமாகக் கிடைத்த பதில் 'ஒன்றுமில்லை'. அதற்கு அடுத்தது 'தெரியாது'. இவ்விரண்டும் சேர்ந்து பாதிக்கும் மேல்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2006-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது இந்தோனேசியா, துருக்கி, எகிப்து, ஜோர்டான் ஆகிய நாடுகளின் முஸ்லிம்களில் பெரும்பாலோர், செப்டம்பர் 11 தாக்குதலை அரேபியர் நடத்தினர் என்பதையே நம்பவில்லை என்றனர். ஒருவர் எல்லாக் கயிறுகளையும் பாம்பு என்கிறார். மற்றவர் பாம்பே வரவில்லை என்கிறார். இரண்டுமே இருள்தான். தன் வீட்டிலிருந்து புறப்பட்ட பாம்பைப் பாம்பென்று ஒப்புக்கொள்ளாதவர், பிறர் கையில் விளக்கைக் கொடுக்க இயலாது.

முதலைக் கதை

இத்தகைய ஏற்றிக் காணுதல் எப்படிப்பட்டது என்பதை ஹிந்துக்கள் அனுபவத்தால் அறிவர். சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபைக்குப் பின்னர் அமெரிக்க நகரங்களில் சொற்பொழிவு நிகழ்த்தியபோது, இந்தியத் தாய்மார்கள் தம் குழந்தைகளைக் கங்கையில் முதலைகளுக்கு எறிவது உண்மையா என்று அவரிடம் அடிக்கடி கேட்கப்பட்டது. சிறுவர்களுக்கான கிறிஸ்தவப் பாடநூல்களில் அதற்குப் படங்களும் இருந்தன. இதற்கும் 'முன்பு கண்ட பாம்பு' ஒன்று உண்டு. கங்கை கடலோடு கலக்கும் சாகர் தீவில் நேர்த்திக்கடனாகக் குழந்தைகளை நீரில் விடும் கொடிய வழக்கம் அருகிலும் அருகியதாக ஒருகாலத்தில் இருந்தது. 1802-ஆம் ஆண்டில் அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 90 ஆண்டுகளுக்குப் பின்னும் அதை ஹிந்துத் தாய்மார் அனைவரின்மீதும் ஏற்றிக் கண்டனர் அந்நாட்டு நல்லோர். அவர்கள் தீயவர்கள் அல்லர். அந்தத் 'தாய்மார்களுக்காக' இரக்கத்தோடு நிதியும் அளித்தவர்கள்!

அதே சிகாகோ மகாசபையில் இஸ்லாத்தின் சார்பாக முதன்மையாகப் பேசியவர் ஓர் அமெரிக்கர் என்பது பலரும் அறியாத செய்தி. அலெக்ஸாண்டர் ரஸ்ஸல் வெப் நியூயார்க் மாநிலத்தில் 1846-இல் பிறந்தவர், பத்திரிகையாளர், மணிலாவில் அமெரிக்கத் துணைத் தூதராகப் பணியாற்றியபோது இஸ்லாத்தைத் தழுவினார். 1892-இல் இந்தியாவிற்கு வந்து பம்பாய், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் உரையாற்றினார். அவ்வுரைகள் சென்னையிலேயே அச்சாயின. மகாசபையில் அவர் பலதார மணத்தைப் பற்றிக் குறிப்பிட்டதும் அவையிலிருந்து 'வெட்கம்' என்ற கூச்சல் எழுந்தது. சகோதர, சகோதரிகளே என்ற அழைப்பிற்கு எழுந்து நின்று ஆரவாரித்த அதே அவைதான். செவிமடுக்கும் மனமும் செவியை மூடிக்கொள்ளும் மனமும் ஒரே மனிதரிடம் குடியிருக்கின்றன.

டல்லாஸில் நிகழ்ந்தது

மயக்கம் கையில் துப்பாக்கியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2001-ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் காட்டின. செப்டம்பர் 15 அன்று அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தமது பெட்ரோல் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியுமே அவருடைய குற்றம்.

அதே நாளில் டெக்ஸாஸின் டல்லாஸில் மார்க் ஸ்ட்ரோமன் என்பவர் கடைக்காரர் வக்கார் ஹசனைக் கொன்றார். செப்டம்பர் 21 அன்று ரைஸ் புய்யான் என்ற இளைஞரை முகத்தில் சுட்டார். அக்டோபர் 4 அன்று வாசுதேவ் படேலைக் கொன்றார். அரேபியரைப் பழிவாங்குவதாகவே அவர் தம்மை எண்ணிக்கொண்டார். ஹசன் பாகிஸ்தானைச் சேர்ந்தவர், புய்யான் வங்கதேசத்தவர், படேல் இந்தியாவிலிருந்து சென்ற ஹிந்து. மூவரில் ஒருவர்கூட அரேபியர் அல்லர். 

புய்யான் வங்கதேச விமானப்படையில் பணியாற்றிவிட்டு அமெரிக்கா சென்றவர். ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் வேலை பார்த்தார். துப்பாக்கியுடன் ஒருவர் நுழைந்ததும் கொள்ளையென்று எண்ணிப் பணத்தை எடுத்து நீட்டினார். வந்தவர் பணத்தைப் பார்க்கவில்லை. நீ எந்த நாட்டவன் என்று கேட்டார். பதில் முடிவதற்குள் சுட்டார். முகமெங்கும் சிறு குண்டுகள் பாய்ந்தன. வலக்கண்ணின் பார்வை போயிற்று. மருத்துவக் கடன் மலையாய்க் குவிந்தது. நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் நின்றுபோனது.

படேலைக் கொன்ற வழக்கில் ஸ்ட்ரோமனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2009-இல் புய்யான் தம் தாயாருடன் ஹஜ் யாத்திரை மேற்கொண்டார். திரும்பி வந்தவரின் உள்ளத்தில், தம்மைச் சுட்ட மனிதரின் நினைவே மேலோங்கியிருந்தது. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்று குர்ஆனில் கற்றதை அவர் வெறும் வாசகமாக வைத்துக்கொள்ளவில்லை. அம்மனிதரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்குமாறு மனு அளித்தார், கையெழுத்துத் திரட்டினார், மாநில ஆளுநருக்கு எதிராக நீதிமன்றமும் சென்றார். செப்டம்பர் 11-இல் நிகழ்ந்தது பொய்யென்றோ தமக்கு நேர்ந்தது சிறிதென்றோ அவர் எங்கும் வாதிடவில்லை. பாம்பைப் பாம்பு என்றே கூறினார். தாம் அதுவன்று என்பதை மட்டும் தம் செயலால் காட்டினார்.

சிறையில் இச்செய்தியைக் கேட்ட ஸ்ட்ரோமன் கலங்கிப்போனார். எந்த இனத்தையே ஒழிக்க வேண்டுமென்று கிளம்பினாரோ, அந்த இனத்தவர் என்று அவர் எண்ணிய ஒருவரே அவருடைய உயிருக்காக மன்றாடினார். நீதிமன்றம் இணங்கவில்லை. 2011 ஜூலை 20 அன்று, தண்டனை நிறைவேற்றப்படும் நாளில், இருவரும் சிறிது நேரம் தொலைபேசியில் பேசினர். தாம் அவரை மன்னித்துவிட்டதாகவும் வெறுக்கவில்லை என்றும் புய்யான் கூறினார். பத்து ஆண்டுகளுக்கு முன் எந்த நாட்டவன் என்று கேட்டுச் சுட்ட மனிதர், 'சகோதரா' என்று விளித்துத் தம் அன்பைத் தெரிவித்தார். அன்றிரவு அவருடைய உயிர் பிரிந்தது.

வெறுப்பற்ற உலகிற்காகப் புய்யான் ஓர் அமைப்பை நிறுவி அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பேசலானார். ஸ்ட்ரோமனுக்கு ஒரு மகள் இருந்தாள். வறுமையிலும் தீய பழக்கங்களின் பிடியிலும் சிக்கியிருந்தவள். தந்தையை இழந்த அவளைப் புய்யான் தொடர்புகொண்டு, உனக்கு ஒரு சிற்றப்பா கிடைத்திருக்கிறார் என்று கூறினார்.