கல்வி உதவித்தொகையும் முதலாண்டு மாணவியரும்

உதவித்தொகை என்ற சொல்லைக் கேட்டவுடன் முதலாண்டு மாணவியர் பலர் வருமானச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுகின்றனர். வறுமை ஒன்றே எல்லா உதவிக்கும் அளவுகோல் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் யானைக்கவுனியில் சில தோழியருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியபோது, அவ்வெண்ணம் பாதியே சரி என்பதைக் கண்டேன்.

ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்குரிய மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தோன்றியது. அதற்குச் சாதிச் சான்றிதழோடு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். புதுமைப் பெண் திட்டமோ வேறு வகையைச் சார்ந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் இத்திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, யானைக்கவுனியிலிருந்து நடந்தே போகக்கூடிய பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. 1989 முதல் நடைபெற்று வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தையே இவ்வாறு மாற்றி அமைத்தனர். மணமேடைக்குப் போன பணம் வகுப்பறைக்கு வந்தது நல்ல மாற்றமே என்பேன்.

இத்திட்டம் வருமானம் கேட்பதில்லை; பள்ளியைத்தான் கேட்கிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்கவேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும் என்பதை அறியாது விண்ணப்பிக்கத் தயங்குவோர் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்க்கும் இடமுண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகள் முதலில் சேர்க்கப்படவில்லை. 2024 டிசம்பர் 30இல்தான் அவற்றில் தமிழ் வழியில் பயின்ற மாணவியர்க்கும் இது விரிவாக்கப்பட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. தமிழோடு தெலுங்கும் இந்தியும் குஜராத்தியும் ஒலிக்கும் பகுதி எங்களுடையது. தங்கசாலையில் மூட்டை சுமப்பவரின் மகள் உதவிபெறும் பள்ளியில் தெலுங்கு வழியில் படித்திருந்தால் அவளுக்கு இத்தொகை இல்லை. கடை முதலாளியின் மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்திருந்தால் அவளுக்கு உண்டு. தமிழ்வழிக் கல்வியை ஊக்குவிப்பது தேவையே. ஆயினும், 6ஆம் வகுப்பில் எந்த மொழியில் படிப்பது என்று முடிவு செய்தவள் அந்தச் சிறுமியா?

இனி, விண்ணப்பம் தேங்கிவிடும் இடங்கள். விண்ணப்பிப்பது கல்லூரி வழியாகவே. பள்ளிப்படிப்பு எமிஸ் எண்ணைக் கொண்டு சரிபார்க்கப்படுகிறது. அதைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கிவிடுதல் நலம். ஆதாரில் முதலெழுத்து முன்னும் மதிப்பெண் பட்டியலில் பின்னும் இருந்தால் அதனை முதலில் சரிசெய்க. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்தது மட்டும் போதாது. அரசுப் பணம் வரவேண்டிய கணக்காக அக்கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரு கணக்குகள் இருப்பின், கடைசியாக இணைத்ததற்கே பணம் போகும். அஞ்சல்வழிப் படிப்புக்கு இத்தொகை கிடையாது.

மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இல் கோவையில் தொடங்கியது. தொகை அதே 1,000 ரூபாய்.

இன்னொன்று. வேறு உதவித்தொகை பெறுபவரும் புதுமைப் பெண் தொகையைச் சேர்த்தே பெறலாம். "ஒன்று வாங்கினால் மற்றது போய்விடும்" என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பத்தை மடித்து வைத்திருக்கும் தோழியர், அதனை எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வரலாம்.