வாசிக்க வைக்க வந்தவர்களுக்கு

பெங்களூரில் தமிழ் வகுப்புக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் சொல்வது.

1. ஜூனில் பாடத்தைத் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என நாலு படி போதும். பிரதம் அமைப்பு 2005 முதல் ‘அசர்’ கணக்கெடுப்பில் பார்ப்பது இப்படித்தான். 2024இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 27 சதவீதம் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். அது கிராமத்துக் கணக்கு. உங்கள் வகுப்பின் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

2. ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிவிடாதீர்கள். விரல் மூன்றாம் வரியில் நிற்கும், வாய் ஐந்தாம் வரிக்குப் போயிருக்கும். படத்தைக் கையால் மூடி, பக்கத்தின் நடுவில் ஒரு வரியைக் காட்டுங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

3. பிள்ளை எங்கே இடறுகிறது என்று பாருங்கள். ஆகார வரிசைக்கு ஒரே துணைக்கால், சிக்கல் இல்லை. உகர வரிசைதான் படுத்தும்: கு, சு, டு, மு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. கன்னட எழுத்தும் படிக்கும் பிள்ளை, ‘கப்பல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ஒரே ‘க’வா மிஸ் என்று கேட்கும். நியாயமான கேள்வி, கன்னடத்தில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. பக்கம், பங்கம், பட்டம், பண்டம் என்று ஜோடியாகச் சொல்ல வையுங்கள். இலக்கண விதி இப்போது வேண்டாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று கதைப் புத்தகத்தைப் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

4. சென்னைப் பிள்ளை பஸ் போர்டைப் பார்த்தே பாதி எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அல்சூர்ப் பிள்ளைக்குத் தெருவில் கண்ணில் படுவது கன்னடமும் ஆங்கிலமும். அதனால் வகுப்புச் சுவரை நிரப்புங்கள்: தினத்தந்தி தலைப்புகள், பிள்ளைகளின் பெயர்கள், இன்றைய மதியச் சாப்பாடு. அடிக்கடி மாற்றுங்கள்.

5. புத்தகம் இல்லை என்ற சாக்கு இந்த ஊரில் செல்லாது. பிரதம் புக்ஸ் 2004இல் இங்கேதான் தொடங்கியது. 2015இல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். நாலு நிலை உண்டு; முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். நாலாம் வகுப்பாயிற்றே என்று நாலாம் நிலையை நீட்டாதீர்கள்.

6. தப்பாக வாசித்ததும் பாயாதீர்கள். வரி முடியட்டும்.

7. 2021இல் வந்த நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ ஒரே சொல்! கடிகாரத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, கதையில் அந்தப் பாட்டி ஏன் கோபித்துக்கொண்டாள் என்று கேளுங்கள்.

8. ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுகிறவன் ஒருவன் இருப்பான். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் நீட்டினால் மானம் போய்விடும். “நாளைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு நீதான் இதை வாசிச்சுக் காட்டணும்” என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில் நாலு தடவை தானே பழகுவான். மறுநாள் அவன் திணறினால் சொல் எடுத்துக் கொடுக்கப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாலும் கதை முடிந்த பிறகு போங்கள்.