எண்ணும் அதன் இணைகளும்

பள்ளித் தோட்டத்தில் நடுவதற்கு 60 செடிகள் வந்துள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு வரிசையிலும் செடிகள் ஒத்த எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். ஒரு செடியும் எஞ்சுதல் கூடாது. இவற்றை எவ்வெவ்வாறு நடலாம்? மாணவர் பலர் பத்து வரிசை, பன்னிரண்டு வரிசை என நினைவிற்கு வந்தவற்றைக் கூறுவர். ‘எல்லா வழிகளும் இவ்வளவுதாமா?’ என்று வினவினாலோ விடை கூறத் தயங்குவர். அத்தயக்கத்தைப் போக்கும் முறை ஒன்று உண்டு.

சிறிய எண்ணிலிருந்து ஒழுங்காகத் தொடங்குவோம். 1 × 60, 2 × 30, 3 × 20, 4 × 15, 5 × 12, 6 × 10 என ஆறு இணைகள் கிடைக்கின்றன. 7 மீதியின்றி வகுப்பதில்லை. இனி 8ஐச் சோதிக்க வேண்டுமோ? வேண்டுவதில்லை. இணையில் ஓர் எண் வளர வளர, மற்றொன்று தேய்ந்துகொண்டே வருதலைக் காண்கின்றோம் அல்லவா? 8ஐ 8ஆல் பெருக்கினால் 64. அது 60ஐக் கடந்துவிட்டது. ஆகவே, 8 அல்லது அதனினும் பெரியதோர் எண் காரணியாக இருப்பின், அதன் துணை 8க்குக் குறைந்ததாகவே இருத்தல் வேண்டும். அச்சிறிய எண்களையெல்லாம் முன்னரே ஆராய்ந்துவிட்டோம். ஆதலின், தேடலை அவ்விடத்திலேயே நிறுத்திவிடலாம்.

61 என்னும் எண்ணையும் இங்ஙனமே 7 வரை சோதித்தால், 1 × 61 என்னும் ஓர் இணையே கிடைக்கும். இத்தகைய எண்ணைப் பகா எண் என்பர்.

காரணி இணை ஒன்று பேரறிஞர் ஒருவரின் கருத்தையே பொய்யாக்கிய வரலாறு உண்டு. 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4. 4ஐ அதனாலேயே பெருக்கினால் 16. இவ்வாறே 256, 65536 என எண்கள் வளரும். இவ்வைந்தனோடும் தனித்தனியே 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன வரும். இவை ஐந்தும் பகா எண்களே. இவ்வரிசையில் மேலும் வருவன யாவும் பகா எண்களே என்று பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா 1640இல் கருதினார். அதற்குரிய நிறுவல் தமக்குக் கிட்டவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அடுத்த எண் 4294967297. இதனை நம் முறைப்படி ஆராயின், 65536 வரை சோதித்தல் வேண்டும். அஃது எளிய செயலன்று. எனினும், ஆய்லர் என்னும் அறிஞர் 1732இல் அவ்வெண் 641 × 6700417 என்று காட்டினார். அவ்வெண்ணின் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் 64ஆல் வகுக்கப்படும்பொழுது 1ஐ மீதியாகத் தரும் என்பதையும் அவரே பின்னாளில் நிறுவினார். அவ்விதியைக் கைக்கொண்டால், 193, 257, 449, 577 என்னும் நான்கும் பொருந்தாதொழிய, ஐந்தாவதாக 641 நம் கைக்கு எட்டுகின்றது.

ஐந்து சான்றுகள் ஒரு கூற்றை மெய்யாக்கவில்லை. ஒரே ஓர் இணை அதனைப் பொய்யாக்கிவிட்டது. கூறியவர் எத்துணைப் பெரியவராயினும், கணக்கில் சோதனையே முடிவு கூறும். மாணவர்களே! ஆய்லர் கூறினார் என்பதற்காக நீவிரும் நம்பிவிட வேண்டா. தாளும் எழுதுகோலும் எடுத்து, அவ்விரு எண்களையும் நீவிரே பெருக்கிப் பாருங்கள்.