200 டாலர் வரி சொல்லித் தரும் பணவீக்கப் பாடம்

பணவீக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க, இன்னைக்கு ஒரு துப்பாக்கி வரியைப் பார்ப்போம்.

1934-ல் அமெரிக்க மத்திய அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. மெஷின் கன், குழல் குட்டையான ரைஃபிள், சைலன்சர் எல்லாத்தையும் அரசிடம் பதிவு செய்யணும். தயாரிச்சாலும் கைமாறினாலும் 200 டாலர் வரி. அப்போ ஒரு தாம்சன் மெஷின் கன்னோட விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! சாதாரண ஆள் வாங்கவே யோசிக்கணும்கிறதுதான் நோக்கம்.

ஆனா, விலைவாசி ஏறினா வரியும் ஏறணும்னு சட்டத்துல எழுதலை. அன்றைய 200 டாலர், இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கும் மேல். வரியோ 90 வருஷமா அதே 200. பயமுறுத்தின தொகை, கடைசியில வெறும் கட்டணம் மாதிரி ஆயிடுச்சு. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் வரி பூஜ்ஜியம். பதிவு மட்டும் தொடருது. மெஷின் கன்னுக்கு இன்னும் அதே 200 தான்.

இப்போ உங்க கணக்குக்கு வாங்க. "ரிட்டயர்மென்ட்டுக்கு 1 கோடி போதும்"னு முடிவு பண்ணியிருக்கீங்களா? வருஷம் 6% பணவீக்கம்னா, 30 வருஷம் கழிச்சு அந்த 1 கோடிக்கு இன்றைய மதிப்பு சுமார் 17 லட்சம்தான்.

அதனால, சம்பளம் ஏறும்போதெல்லாம் எஸ்ஐபி தொகையையும் ஏத்துங்க. டெர்ம் இன்ஷூரன்ஸ் கவரேஜ் இன்னும் போதுமான்னு சில வருஷத்துக்கு ஒருமுறை பாருங்க. ஒரு தடவை எழுதின எண்ணை அப்படியே விட்டுடாதீங்க. நீங்க கடைசியா எப்போ மாத்தினீங்க? கமென்ட்ல சொல்லுங்க!